கை கொடுத்த பிறகு அடித்த மணி

இப்போதெல்லாம் எவனும் எவனையும் ஒழுங்காகச் சந்தேகப்படுவதில்லை என்பதுதான் நஞ்சப்பனுக்கு இந்த உலகத்தின்மேல் இருந்த பெரிய குறை. பால்காரன் பாலை ஊற்றினால் கைப்பேசியை அதன்மேல் காட்டுகிறார்கள். பச்சை விளக்கு எரிந்தால் குடிக்கிறார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் கைப்பேசியை மாப்பிள்ளையின் நெற்றிக்கு நேராகக் காட்டுகிறார்கள். பச்சை எரிந்தால் பெண்ணைக் கொடுக்கிறார்கள். பாலில் விரலை விட்டுப் பார்க்க ஒருத்தனில்லை. மாப்பிள்ளையின் ஊருக்குப் போய் டீக்கடையில் நாலு வார்த்தை விசாரிக்க ஒருத்தனில்லை. சந்தேகப்படுகிற வேலையைக்கூட மெஷினிடம் விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் ஜனங்களை நினைத்தால் காறித் துப்பத் தோன்றியது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது கோயமுத்தூரில் ஏசி போட்ட கல்யாண மண்டபம். துப்ப வழியில்லாமல் விழுங்கிக்கொண்டார்.

மண்டபத்தில் கல்யாணம் எதுவும் இல்லை. பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தேசிய செஸ் போட்டி, கடைசிச் சுற்று. முதல் மேஜையில் இந்தப் பக்கம் ஆம்பூர் யாசீன், அந்தப் பக்கம் நாகர்கோவில் ஹெப்சிபா. இருவருக்கும் நடுவில், கொஞ்சம் உயரமான நாற்காலியில் நஞ்சப்பன். அவர் முன்னால் ஒரு சின்னப் பித்தளை மணி. சட்டைப் பையில் குத்திய அட்டையில் 'ஐயக்காரர்' என்று அச்சடித்திருந்தது. அது என்ன உத்தியோகம் என்று அவருக்கே பத்து நாள் முன்புவரை தெரியாது.

புளியம்பட்டிச் சந்தையில் நாற்பது வருடம் மாட்டுத் தரகு பார்த்தவர். படிப்பு மூன்றாம் வகுப்பு. செஸ் என்றால் என்னவென்று கேட்டால் பெண்கள் வெள்ளிக்கிழமை ஆடும் பல்லாங்குழியில் ஒரு வகை என்றுதான் சொல்லியிருப்பார். அவரைத் தேடிக்கொண்டு தலைமை நடுவர் பூங்கோதை வீட்டுக்கே வந்தபோது, முதலில் நாயை அவிழ்த்து விட்டார். அப்புறம்தான் பேச்சு.

"ஐயா, அரிசி அளவுக்கு ஒரு கருவி வந்திருக்கு. பல் இடுக்கில வெச்சுக்கிட்டா அடுத்து எந்தக் காயை நகர்த்தணும்னு அதுவே சொல்லிரும். அதைப் பிடிக்க நாங்க ஒரு மெஷின் வெச்சோம். பிடிக்கிற மெஷினைப் பார்த்துப் பார்த்து அரிசி மெஷின் தப்பிக்கக் கத்துக்கிச்சு. அதைப் பார்த்து நம்ம மெஷின் கத்துக்கிச்சு. இப்ப ரெண்டும் ஒரே மாதிரி யோசிக்குது. ஒண்ணை ஒண்ணு பார்த்தா வணக்கம் வெச்சுட்டுப் போயிருது."

"ஒரே முதலாளியா இருப்பானுங்க," என்றார் நஞ்சப்பன்.

"அது தெரியாதுங்கய்யா. சரி, மனுசங்களை வெச்சுப் பிடிக்கலாம்னு பார்த்தோம். படிச்சவங்க எதைச் சந்தேகப்படுவாங்கன்னு மெஷின் முன்கூட்டியே கணிச்சிருது. எல்லாரும் ஒரே மாதிரிதான் சந்தேகப்படறாங்க. உங்களைத்தான் அதால கணிக்க முடியல."

"என்னை எப்ப சோதிச்சீங்க?"

"போன மாசம் உங்க ஊர்ல கண் பரிசோதனை முகாம் நடந்துச்சே. அது கண் பரிசோதனை இல்ல."

நஞ்சப்பன் தொடையில் தட்டினார். "நெனச்சேன்! அந்த டாக்டரு ஷூவு அவ்வளவு சுத்தமா இருந்துது. அப்பவே நெனச்சேன்!"

"அதைத்தான் சொல்றேன். நானூறு பேர் வந்தாங்க. எல்லாரும் மருந்தைச் சந்தேகப்பட்டாங்க, ஊசியைச் சந்தேகப்பட்டாங்க. ஷூவைச் சந்தேகப்பட்டது நீங்க ஒருத்தர்தான். காரணமே இல்லாத சந்தேகத்தை எந்த மெஷினாலயும் கணிக்க முடியாதுங்கய்யா."

இப்படி ஊருக்கு ஒருவராகத் தேடி ஒவ்வொரு மேஜைக்கும் ஓர் ஐயக்காரரைக் கொண்டு வந்து சேர்த்தார்கள். எல்லோரிலும் தேர்ந்த ஆள் என்று நஞ்சப்பனுக்கு முதல் மேஜை. சட்டம் சுருக்கமானது. சந்தேகம் வந்தால் மணி அடிக்கலாம். ஆட்டத்தின் நடுவில் அடித்த மணிக்கு நடுவர் விளக்கம் சொன்னால் போதும். ஆனால் முடிவின்மேல் அடித்த மணியை, அடித்தவரேதான் திரும்ப எடுக்க வேண்டும். வேறு எவருக்கும், டெல்லியிலிருந்து வந்தாலும், அதிகாரம் கிடையாது.

கடைசிச் சுற்றில் விஷயம் இதுதான்: யாசீன் ஹெப்சிபாவைவிட அரைப் புள்ளி முன்னால் இருந்தான். ஹெப்சிபா ஜெயித்தால் பட்டம் அவளுக்கு. தோற்றாலும் சரி, டிரா ஆனாலும் சரி, பட்டம் அவனுக்கு.

ஆட்டம் தொடங்குமுன் நஞ்சப்பன் தன் வழக்கப்படி சோதனை போட்டார்.

"வாயைத் தொற," என்றார் யாசீனிடம்.

பையன் திறந்தான். நஞ்சப்பன் அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அரிசி எதுவும் அகப்படவில்லை. ஆனால் கடைசிப் பல்லைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஏனுங் அம்மிணி, இவனுக்குக் கடவாப்பல்லு மொளைச்சிருச்சு. இது பதினேழு இல்லீங்க. பத்தொம்போதுக்கு ஒரு நாள் கொறையாது."

பூங்கோதை ஓடி வந்தாள். "ஐயா, பிறப்புச் சான்றிதழ் இருக்கு."

"சான்றிதழை எவன் வேணா அடிச்சுக் குடுப்பான். பல்லை அடிச்சுக் குடுப்பானா?"

"சில பேருக்குச் சீக்கிரமே முளைக்கும்ங்கய்யா."

"மாட்டுக்கு மொளைக்காது."

வாயைத் திறந்தபடியே யாசீன் கேட்டான்: "தாத்தா, பூச்சிப்பல் ஏதாச்சும் தெரியுதா? டாக்டர்கிட்டப் போகணும்னு அம்மா சொல்லிட்டே இருக்காங்க."

"ரெண்டு இருக்குது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. இனிப்பைக் கொறைச்சுக்கோ," என்று சொல்லித் தாடையை விட்டார்.

ஹெப்சிபாவின் பின்னலை ஒரு பெண் அதிகாரி பிரித்து உதறினாள். ஊசிகளை எண்ணினாள். ரப்பர் வளையத்தை இழுத்துப் பார்த்தாள். ஹெப்சிபா சும்மா நின்றாள். பிரிப்பதற்கு வசதியாகத் தலையைக்கூடச் சாய்த்துக் கொடுத்தாள்.

"உனக்குக் கோபமே வராதா?" என்று யாசீன் மெதுவாகக் கேட்டது நஞ்சப்பன் காதில் விழுந்தது.

"எட்டு வயசுல ஆட வந்தேன். ஜெயிச்சா எல்லாரும் கைதட்டுவாங்கன்னு எங்க அப்பா சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாரு. ஜெயிச்சா முடியைத்தான் பிரிக்காவ," என்றாள் அவள்.

நல்லா நடிக்குது இந்தப் பிள்ளை என்று நஞ்சப்பன் மனதில் குறித்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கி எட்டாவது நகர்த்தலில் முதல் மணி. யாசீன் ராஜாவை இரண்டு கட்டம் தள்ளி வைத்து, யானையைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டிருந்தான்.

"ரெண்டு காயை ஒரே நேரத்துல நகத்திப்போட்டான்! எல்லாரும் பாத்துட்டுச் சும்மா இருக்கறீங்களே!"

"ஐயா, அது கோட்டை கட்டறது. சட்டத்துல இருக்கு," என்றாள் பூங்கோதை.

"எவன் போட்ட சட்டம்?"

"ரொம்பப் பழைய சட்டம்ங்கய்யா. பல நூறு வருசம்."

"பல நூறு வருசமா எவனும் கேக்கலையா?"

இருபத்திரண்டாவது நகர்த்தலில் ஹெப்சிபாவின் சிப்பாய் ஒரு கட்டத்தில் போய் உட்கார, பக்கத்துக் கட்டத்தில் இருந்த யாசீனின் சிப்பாய் வெளியே போனது. நஞ்சப்பன் எழுந்தே விட்டார். அடித்தது ஓரிடம், விழுந்தது வேறிடம்; சந்தையில் இப்படி நடந்தால் போலீஸ் வரும் என்றார். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று தெரிந்தபோது, இந்த ஆட்டத்தை உண்டாக்கியவனே திருடன் என்ற முடிவுக்கு வந்து, மணியை இன்னும் கிட்டத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

மூன்றாவது மணிநேரத்தில் அது நடந்தது.

யாசீன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கம் யானை இருந்தது, குதிரை இருந்தது, ஐந்து சிப்பாய்கள் இருந்தன. நஞ்சப்பன் எண்ணிப் பார்த்திருந்தார். ஒரு கால் மணிநேரம் அப்படிப் பார்த்தவன், பெருமூச்சு விட்டு, கடிகாரத்தை நிறுத்தி, கையை நீட்டினான். "முடிஞ்சுது. தோத்துட்டேன்." ஹெப்சிபா கண்ணை இரண்டு முறை சிமிட்டிவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள்.

மண்டபம் கைதட்டத் தொடங்கியது. மணி 'டங்' என்று அடித்தது.

நஞ்சப்பனுக்கு அங்கே நடந்தது பளிச்சென்று விளங்கிவிட்டது. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். விற்பவனும் வாங்குபவனும் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்து விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இங்கே இவ்வளவு காயை வைத்துக்கொண்டு ஒருத்தன் கையை நீட்டுகிறான், மற்றவள் பிடிக்கிறாள். துண்டுகூடப் போடாமல், பட்டப்பகலில், இத்தனை கேமராவுக்கு முன்னால்!

"வெல பேசறானுங்க!" என்றார். "ஆட்டத்தை வித்துப்போட்டான் இந்தப் பையன்!"

"ஐயா, தோல்வியை ஒப்புக்கிட்டுக் கை கொடுக்கறது வழக்கம்ங்க," என்று பூங்கோதை கெஞ்சினாள்.

"அவன் ராசா சாகலையே? இத்தனை காய் கெடக்குதே? எந்தக் கிறுக்கனாவது மாடு நல்லா நிக்கும்போதே செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுப்பானா? கடைசி வரைக்கும் ஆடச் சொல்லுங்க. என்ற ரெண்டு கண்ணுல பாக்கோணும்."

முடிவின்மேல் அடித்த மணி. பூங்கோதை சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். டெல்லியில் இருக்கும் செஸ் சங்கத்துக்குப் பேசினாள். டெல்லி, ஐயக்காரர் திருப்தி அடையும்வரை ஆடுங்கள் என்றது. கடிகாரம் மறுபடி ஓடியது.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. யாசீன் மனமில்லாமல் காயை நகர்த்தினான். ஹெப்சிபாவின் முடியை மறுபடி பிரித்தார்கள். காதுக்குள் வெளிச்சம் அடித்தார்கள். செருப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நஞ்சப்பன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, வெற்றிலை வாசனையோடு மூச்சு விட்டுக்கொண்டு, அவள் விரல் போகிற இடமெல்லாம் கண்ணை ஓட்டினார். அவள் யானையை வெட்டினாள். குதிரையை வெட்டினாள். சிப்பாய்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். ஒன்றரை மணிநேரம் கழித்து யாசீனுக்கு ராஜா மட்டும் மூலையில் தனியாக நின்றது. அவளிடம் ராணி இருந்தது.

"இப்பச் சரி," என்றார் நஞ்சப்பன். "இப்ப ஒத்துக்கலாம். முடி அம்மிணி, சீக்கிரம் முடி."

தோளுக்கு மேலிருந்து திடீரென்று குரல் வந்ததும் ஹெப்சிபா திடுக்கிட்டாள். ராணியை எடுத்து ஒரு கட்டம் கூடுதலாக நெருக்கி வைத்தாள். கையை எடுத்தாள். உடனே அந்தக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மண்டபம் முழுக்க 'ஐயோ' என்றது.

"என்னாச்சு?" என்றார் நஞ்சப்பன். "எதுக்கு எல்லாரும் எழவு ஊடு மாதிரி கத்தறீங்க?"

பூங்கோதை சொன்னாள்: "யாசீன் ராஜாவுக்கு நகர இடமில்லை. ஆனா அந்த ராஜாவை யாரும் தாக்கவும் இல்லை. அப்படின்னா ஆட்டம் டிரா. பட்டம் யாசீனுக்கு."

நஞ்சப்பனுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. "ஒருத்தன் எல்லாத்தையும் தொலைச்சுப்போட்டு, அசையக்கூட முடியாம மூலைல நிக்கறான். அதுக்குப் பேரு சமமா?"

"ஆமாங்கய்யா."

"இந்தச் சட்டத்தைத் தோத்தவன்தான் போட்டிருப்பான்."

ஹெப்சிபா அழவில்லை. வாங்கி வைத்த செருப்பைத் திரும்பக் கேட்டாள். ஒரு காலில் மாட்டிக்கொண்டு மறு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அது மேஜைக்கு அடியில் கிடந்தது. அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. நஞ்சப்பனுக்குத் தெரிந்தது. எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்தார். அதற்குள் யாசீன் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

கோப்பைக்கு அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை.

"நான்தான் தோத்துட்டேன்னு கை கொடுத்துட்டேனே," என்றான் பூங்கோதையிடம். "அதுக்கப்புறம் ஆடினது கணக்குல வராது மேடம். எனக்கு வேணாம்."

"உன் இஷ்டம் இல்ல தம்பி. ஐயா அவர் மணியைத் திரும்ப எடுத்தாத்தான் நீ முதல்ல கொடுத்த முடிவு செல்லும்."

யாசீன் நஞ்சப்பனிடம் வந்தான். "தாத்தா, எடுத்துருங்க."

"நீ எதுக்குடா அப்பவே தோத்தேன்னு சொன்ன? அதைச் சொல்லு மொதல்ல."

"பதினோரு நகர்த்தல்ல மாட்டிக்குவேன் தாத்தா. வழி இருந்துச்சு. நான் பாத்துட்டேன்."

"நீ பாத்த. அவ பாத்தான்னு உனக்கு ஆரு சொன்னது?"

"யாரும் சொல்லல. அவ நல்லா ஆடுறவ. நான் பாத்ததை அவளும் பாத்திருப்பா. அதை நம்பித்தான் கை கொடுக்கறது. எங்க ஆட்டத்துல மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான் தாத்தா. மத்ததெல்லாம் பல்லைப் பாக்கறது, முடியைப் பிரிக்கறது."

"நம்பி!" என்று நஞ்சப்பன் கனைத்தார். "நம்பினியே, இப்ப என்னாச்சு? ராணியைக் கொண்டுபோய்த் தப்பா வெச்சாளா இல்லையா? நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சா இல்லையா?"

"நீங்க பிடரில மூச்சு விட்டா யாருக்குத்தான் சரியா வரும்?"

யாசீன் விடவில்லை.

"நீங்க விலை பேசறோம்னு நெனச்சீங்க. நான் கொடுத்தது பேசறதுக்குக் கொடுத்த கை இல்ல தாத்தா. எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் கொடுத்த கை."

அந்த இடத்தில் நஞ்சப்பனுக்கு உள்ளே எதுவோ இடித்தது. பேசுகிற கை வேறு, முடித்த கை வேறு. துண்டுக்கு அடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேரம் நடக்கலாம். ஆனால் துண்டை எடுத்துவிட்டு வெறுங்கையில் கை தட்டிக் கொடுத்துவிட்டால், மாடு கை மாறிவிட்டது. அப்புறம் அது மழையில் நனைந்தாலும், காலை உடைத்துக்கொண்டாலும், பேச்சு மாறக்கூடாது. நடுவில் மூக்கை நுழைக்கிற தரகனுக்கு மறுவாரம் சந்தையில் இடம் கிடையாது. அப்படி நுழைந்த ஒருவனை அவரே செருப்பைக் கழற்றிக்கொண்டு சுங்கச்சாவடிவரை துரத்தியிருக்கிறார். இவர்கள் துண்டு போடவில்லை. வெறுங்கை. துண்டு இல்லையே என்று கொதித்தவர், துண்டு இல்லாவிட்டால் அது முடித்த கை என்று யோசிக்காமல் போய்விட்டார்.

நாற்பது வருடத் தரகில் முதல்முறை தப்புப் பண்ணிவிட்டதை உணர்ந்து, அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க மூக்கைச் சிந்தினார்.

"எங்கே அந்தக் காயிதம்?" என்றார்.

பூங்கோதை படிவத்தை நீட்டினாள். அதில் ஒரே ஒரு வரி அச்சடித்திருந்தது: 'என் ஐயம் நீங்கியது. ஆட்டக்காரரின் சொல்லை நம்புகிறேன்.' கீழே கையெழுத்துக்கு இடம்.

"இதுல நான் போட மாட்டேன்."

"ஐயா!"

"நான் எவனையும் நம்பறேன்னு எழுதிக் குடுத்ததில்லை. கல்யாணத்துலகூடப் பொண்ணு ஊட்டுக்காரங்க எங்களை நம்பறீங்களான்னு கேட்டாங்க. பாக்கலாம்னுதான் சொன்னேன்."

"நம்பறேன்னு எழுதலைன்னா மணியைத் திரும்ப எடுக்க முடியாதுங்கய்யா. அந்தப் பொண்ணுக்குப் பட்டம் போயிரும்."

"அப்ப நம்பாமலே எடுக்கறதுக்கு ஒரு காயிதம் கொண்டு வாங்க."

"அப்படி ஒண்ணு அச்சடிக்கவே இல்லை."

நஞ்சப்பன் பேனாவைப் பிடுங்கினார். அச்சடித்த வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்குக் கீழே, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: 'நம்பலை. ஆனாக் கை குடுத்தாச்சு. குறுக்க வந்தது என்ற தப்புத்தான்.' கையெழுத்துப் போட்டார். பூங்கோதை அதை இரண்டு முறை படித்தாள். டெல்லிக்கு அனுப்பினாள். பிறகு, இப்படி ஒரு பதிலை எந்த மெஷினும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது என்பதால் இது உண்மையான ஐயக்காரர் எழுதியதுதான் என்று உறுதியாகிறது, செல்லும் என்று செய்தி வந்தது.

"ரெண்டு பேரும் மறுக்கா கை குடுங்க," என்றார் நஞ்சப்பன். "இந்தத் தடவை மொறையாப் பண்ணலாம்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கையின்மேலும் போட்டார். பத்து நாள் துவைக்காத துண்டு. தேசிய அளவிலான இரண்டு ஆட்டக்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, அதற்கடியில் கையைப் பிடித்தபடி, நாடு முழுக்க ஒளிபரப்பாகும் கேமராவைப் பார்த்து நின்றார்கள். நஞ்சப்பன் துண்டை உருவினார். "முடிஞ்சுது. போங்க." மண்டபம் கைதட்டியது. ஹெப்சிபா கோப்பையைத் தூக்கினாள். ஜெயித்த பிறகு அன்றைக்கு யாரும் அவள் முடியைப் பிரிக்கவில்லை.

நஞ்சப்பன் அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். வாசலைத் தாண்டுமுன் பின்னால் ஓடி வரும் சத்தம். ஹெப்சிபா. கோப்பை கையிலேயே இருந்தது.

"தாத்தா, நில்லுங்க. உங்கள்ட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும். யாசீன்கிட்டச் சொல்லிராதீங்க கேட்டீங்களா."

"சொல்லு."

"அவன் சொன்னானே, பதினோரு நகர்த்தல்னு. எனக்கு அது தெரியவே தெரியாது. நான் பாக்கவே இல்ல. டிராவுக்குப் போகாம எப்படி இழுக்கதுன்னு முழிச்சிட்டு இருந்தேன். திடீர்னு அவன் கையை நீட்டிட்டான்."

நஞ்சப்பன் அவளை மேலும் கீழும் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார்.

"தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது தாத்தா. இப்பவும் தெரியாது. ராத்திரி ரூமுக்குப் போய்த்தான் தேடிப் பாக்கணும்."

"அப்பறம் எதுக்கு அவன் நீட்டினதும் கை குடுத்த?"

"ஒருத்தன் கையை நீட்டினா, குடுக்கத்தானே செய்யணும்?"

நஞ்சப்பன் அதை மென்று பார்த்தார். ஒரு பையன், இவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிப் பட்டத்தையே விட்டுக்கொடுக்கிறான். இவள் எனக்குத் தெரியாது என்கிறாள். தெரியாத ஒன்றுக்குக் கோப்பை. அதை ஓடி வந்து வேறு சொல்கிறாள், எவரும் கேட்காமல். இந்த உலகத்தில் இப்படி எங்கேயும் நடக்காது.

"நடிக்காத அம்மிணி," என்றார்.

"ஐயோ, நெசமாத்தான் தாத்தா!"

"பதினொண்ணும் உனக்குத் தெரியும். எனக்கு எதுக்கோ தூண்டில் போடற. அக்கட்டால போ."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். அவள் வாசலிலேயே நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் நம்பிவிட்டதாக நினைத்துக்கொள்வாள் என்று அவர் திரும்பவே இல்லை.